த்ரீ-இன்-வன் பியரும் ஒரு பெரிய பானையும்

பியர் கிட் என்பது ஒரு டின். உள்ளே 1.7 கிலோ கெட்டிப்பாகு, பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே ஒரு சின்ன ஈஸ்ட் பக்கெட். பாகைப் பெரிய வாளியில் ஊத்தணும், ஒரு கிலோ சீனி கொட்டணும், சுடுதண்ணி விட்டுக் கலக்கணும், 23 லீற்றர் வரைக்கும் பச்சத்தண்ணி சேர்க்கணும், ஈஸ்டைத் தூவி மூடணும். ஒரு வாரம் கழிச்சுப் போத்தலில் அடைச்சு, இன்னும் ரெண்டு மூணு வாரம் பொறுத்தா பியர். அவுஸ்திரேலியாவில் சுப்பர்மார்க்கெட் தட்டிலேயே அடுக்கி வைச்சிருப்பாங்க.

இவ்வளவு வேலையிலும் நீங்க எடுக்கிற முடிவு ஒண்ணே ஒண்ணுதான்: எந்த டின் வாங்குறது என்பது. மிச்சத்தை எல்லாம் டின் முடிவு பண்ணிட்டது. எவ்வளவு கசப்பு, என்ன நிறம், என்ன வாசம் எல்லாமே தொழிற்சாலையில் தீர்ந்துபோன விசயம். நாம பண்றது தண்ணி சேர்க்கிறது.

முதல்லயே ஒண்ணைச் சொல்லிடுறேன். நான் கண்டியில் இருக்கிறேன். இந்த டின்னை இங்கே எந்தக் கடையிலும் கண்டதில்லை. கண்டாலும் வீட்டில் பியர் செய்யிறது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம், நான் செய்ததும் இல்லை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மெல்பேர்னில் இருக்கிற பெரியம்மா மகன் அண்ணாவிடமிருந்து, ரெண்டு வருசமா வீடியோ கோலில் பார்த்ததும் கேட்டதும், அந்த ஆர்வத்தில் தேடி வாசிச்சதும்தான். அண்ணா முதல் ஒரு வருசம் கிட். பிறகு எக்ஸ்ட்ராக்ட். ஏன் மாறினீங்கன்னு கேட்டேன். “டின்ல எழுதியிருக்கிறதை அப்படியே செய்றதுக்கு நான் எதுக்கு, தங்கச்சி?” என்றார். இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது. அதோடு, அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட நமக்கு இங்கே இடமில்லை என்பதைப் பற்றியும்.

மலையகத்து ஆளுக்கு இதை விளங்கப்படுத்த ரொம்ப மெனக்கெட வேண்டாம். கிட் என்பது த்ரீ-இன்-வன் தேத்தண்ணி பக்கெட். பால்மா, சீனி, தேயிலை எல்லாம் கலந்து வரும். சுடுதண்ணி ஊத்தினா முடிஞ்சது. எக்ஸ்ட்ராக்ட் என்பது கடையில் தேயிலைத்தூள் வாங்கி நாமே கொதிக்க வைச்சுப் போடுறது. சாயம் எவ்வளவு, இஞ்சி தட்டிப் போடுறதா ஏலக்காயா, பால் எப்போ என்பது நம்ம கையில். அதுக்கும் அப்பால் ‘ஓல் கிரேன்’ என்று ஒண்ணு இருக்கு. அது கொழுந்து பறிச்சு, வாட்டி, அரைச்சு, தேயிலையையே நாம செய்யிற மாதிரி.

எக்ஸ்ட்ராக்ட் என்ற அந்தப் பாகு உண்மையில் என்ன? பார்லியை நனைச்சு முளைக்க விட்டு, முளை வந்ததும் சூட்டில் காய வைப்பாங்க. அதுதான் மோல்ட். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதியங்கள் உருவாகும். மோல்ட்டை உடைச்சு, ஏறக்குறைய 65 பாகை வெந்நீரில் ஒரு மணித்தியாலம் ஊற வைச்சா அந்த நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக உடைச்சுப்போடும். அந்த இனிப்புத் தண்ணியை வடிச்சு, நீரை வற்ற வைச்சுப் பாகாகவோ தூளாகவோ ஆக்கினா மோல்ட் எக்ஸ்ட்ராக்ட். நெஸ்டமோல்ட் குடிச்சு வளர்ந்த தலைமுறைக்கு இந்த வாசம் புதுசே இல்லை. ஹோர்லிக்ஸும் இதே குடும்பம். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அம்மா கரைச்சுக் கொடுத்த அந்த மோல்ட்டுக்கும் பாரில் நுரைக்கிற அந்தத் தண்ணிக்கும் சொந்தம் உண்டு என்று சொன்னா வீட்டில் யாரும் நம்புறதில்லை.

கிட்டில் இருக்கிறதும் இதே பாகுதான். ஆனா அதில் ஹொப்ஸின் கசப்பை ஏற்கெனவே சேர்த்திருப்பாங்க. எக்ஸ்ட்ராக்ட் முறையில் ஹொப்ஸ் சேராத வெறும் பாகை வாங்கி, ஹொப்ஸைத் தனியா வாங்கி, நாமே கொதிக்க வைக்கிறோம். எல்லா வித்தியாசமும் அந்தக் கொதியில்தான்.

ஹொப்ஸ் ஒரு கொடியின் பூ. அதில் ரெண்டு விசயம் இருக்கு. ஒண்ணு கசப்புக்கான அமிலங்கள். அது சும்மா தண்ணியில் போட்டா இறங்காது. நல்லாக் கொதிச்சாத்தான் உருமாறிக் கசப்பைத் தரும், அதுக்கு நேரம் வேணும். மற்றது வாசனை எண்ணெய்கள். அது கொதியில் ஆவியாப் பறந்துபோகும். அதனால ஒரு மணித்தியாலக் கொதியின் தொடக்கத்தில் போட்ட ஹொப்ஸ் கசப்பாகும். கடைசிப் பத்து நிமிசத்தில் போட்டது சுவையாகும். அடுப்பை நிறுத்தும்போது போட்டது வாசமாகும். ஒரே பூ, மூணு நேரம், மூணு வேலை. நம்ம சமையலில் இது தெரியாத யாரும் இல்லை. கறியில் ரம்பையும் கறிவேப்பிலையும் தாளிக்கையில் போடுறதும், இறக்கும்போது போடுறதும் ஒண்ணா? கிட்டில் இந்த நேரக்கணக்கு முழுக்க நம்ம கையை விட்டுப் போயிடுது.

அண்ணா சொன்ன இன்னொரு விசயம் சீனி. கிட்டோட ஒரு கிலோ சீனி சேர்க்கிறது மலிவுக்காக. வெள்ளைச்சீனியை ஈஸ்ட் மிச்சமில்லாமத் தின்னுடும். மதுசாரம் கூடும், உடம்பு இருக்காது, வாயில் தண்ணி மாதிரி ஓடும். எக்ஸ்ட்ராக்ட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை அந்தச் சீனியைத் தூக்கிட்டு, அதுக்குப் பதிலா இன்னும் கொஞ்சம் மோல்ட் போட்டது. கூடவே கறுக்க வறுத்த பார்லியோ காரமல் மோல்ட்டோ முந்நூறு கிராம் ஒரு துணிப்பையில் கட்டி, கொதிக்கிறதுக்கு முன்னாடி 65, 70 பாகைத் தண்ணியில் அரை மணித்தியாலம் ஊற வைச்சு எடுப்பார். தேயிலைப் பை போலத்தான். நிறமும் வறுத்த வாசமும் அதில் வரும். பானைக்கும் அப்படிப் பெரிய செலவில்லை. 23 லீற்றரையும் கொதிக்க வைக்கத் தேவையில்லை. எட்டு பத்து லீற்றரைக் கொதிக்க வைச்சு, சிங்குக்குள் ஐஸ் போட்டுப் பானையை இறக்கி ஆற வைச்சு, வாளியில் பச்சத்தண்ணியோடு சேர்த்தாப் போதும். பொங்கி வழியிற நேரம் மட்டும் பக்கத்தில் நிக்கணும். பாலுக்கு நிக்கிற மாதிரி.

பிறகு ஈஸ்ட். அப்பத்துக்கும் பாணுக்கும் போடுற அதே இனம்தான், சக்கரோமைசிஸ் செரவிசியே. அந்தக் காலத்தில் அப்பமா புளிக்கக் கள்ளு விட்டதும் அந்த ஈஸ்டுக்காகத்தான். பியருக்கென்று வளர்த்தெடுத்த வகைகளில் பெரும்பாலானவை 18 முதல் 22 பாகைக்குள் நிம்மதியா வேலை செய்யும். லாகர் ஈஸ்டுக்கு அதைவிடக் குளிர், பத்துப் பன்னிரண்டு பாகை வேணும். சூடு கூடினா ஈஸ்ட் அவசரப்பட்டு, வார்னிஷ் மாதிரி மணக்கிற சாமான்களையும் சேர்த்து விட்டுடும். நொதிக்கும்போது வாளியே சில பாகை சூடேறும் வேற. கண்டியின் சராசரி 24, 25 பாகை. இங்கே குளிரூட்டாமல் நல்ல பியர் கஷ்டம். ஆனா பஸ்ஸில் மூணு மணித்தியாலம் மேலே போனா நுவரெலியா, சராசரி 16 பாகை. வெள்ளைக்காரன் 19ஆம் நூற்றாண்டில் பியர் தொழிற்சாலையைக் கொண்டுபோய் அந்த மலையில் வைச்சது காட்சி பார்க்க இல்லை. குளிரூட்டி இல்லாத காலத்தில் மலைதான் குளிரூட்டி. அந்தத் தொழிற்சாலை 1990களின் கடைசியில்தான் பியகமவுக்கு இறங்கிப் போனது. பிரித்தானிய பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாட்டுக்காரர் இல்லை, இவர் வேற) இலங்கைக்கு வந்து, கண்டியிலும் நுவரெலியாவிலும் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இறைச்ச ஸ்டௌட்டைப் பற்றி உலகத்துக்கே எழுதினார். நம்ம ஊருக்கு வெளியே பியர் ஆட்களுக்குக் கண்டி என்ற பெயர் அப்படித்தான் தெரியும், தலதா மாளிகையால மட்டும் இல்லை.

எக்ஸ்ட்ராக்ட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறவங்களும் இருக்காங்க, ஓல் கிரேன் ஆட்கள். தானியத்திலிருந்து தொடங்காட்டி அது பியர் செய்றதே இல்லையாம். எனக்கு இது கொழுந்து பறிக்காதவனுக்குத் தேத்தண்ணி போடத் தெரியாது என்கிற கதை மாதிரிப் படுது. கிட்டிலிருந்து எக்ஸ்ட்ராக்ட்டுக்குப் போறதுதான் பெரிய தாவல். கசப்பு, வாசம், நிறம், ஈஸ்ட், எல்லாமே ஒரே நாளில் உங்க முடிவாகுது. அதுக்கு மேலே போறது அறிவுதான், மறுக்கல, ஆனா அது அதே பாதையில் இன்னொரு அடி. முதல் அடியில்தான் நீங்க வாங்குற ஆளிலிருந்து செய்யிற ஆளாகிறீங்க.

இனி நம்ம பக்கம் வருவோம்.

இங்கே மது பற்றிய பேச்சில் ரெண்டு கேள்விதான் கேட்கிறாங்க. எத்தனை வீதம், எவ்வளவு காசு. 8.8 என்ற இலக்கம் தெரியாத கம்பஸ் பையன் இல்லை. ஆனா அந்த ஸ்டௌட்டில் கோப்பி வாசம் எங்கிருந்து வருது, ஏன் கறுப்பு என்று கேட்டுப் பாருங்க. வறுத்த தானியம் என்று சொல்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. தமிழில் பியரைப் பற்றிப் பேச நமக்கு ‘கசப்பு’, ‘சப்பு’ என்பதற்கு அப்பால் சொல்லே இல்லை. தேயிலைக்கு இருக்கு. ஃபெக்டரியில் வேலை செய்ற மாமாமார் சாயத்தைப் பார்த்தே இது எந்த மலைத் தேயிலைன்னு சொல்லுவாங்க. கையில் செய்த பொருளுக்குத்தான் வார்த்தை பிறக்கும்.

வினைச்சொல்லையே பாருங்க. கள்ளு ‘இறக்குவாங்க’. சாராயம் ‘காய்ச்சுவாங்க’. பியருக்கு? அதுக்கும் ‘காய்ச்சுறது’ன்னே சொல்லிடுறோம். இந்த ஒரு சொல்லுக்குள்தான் சட்டத்தின் குழப்பமும் சனங்களின் பயமும் மாட்டிக்கிட்டு இருக்கு. கசிப்பில் காய்ச்சுறது மதுசாரம் உருவான பிறகு: சீனியையும் ஈஸ்டையும் புளிக்க வைச்ச கோடாவை அடுப்பில் ஏத்தி, ஆவியைப் பிடிச்சு, மதுசாரத்தைக் கூட்டி எடுக்கிறது. பியரில் காய்ச்சுறது மதுசாரம் உருவாகிறதுக்கு முன்னாடி: இனிப்புத் தண்ணியை ஹொப்ஸோடு கொதிக்க வைச்சு ஆற விடுறது. ஈஸ்ட் அதுக்குப் பிறகுதான் வருது, அது வந்த பிறகு அடுப்பே இல்லை. ஒண்ணு வடிச்சு எடுக்கிறது, மற்றது புளிக்க விடுறது. தோசைமா அரைச்சு வைக்கிறவளுக்கு இந்த வித்தியாசம் தெரியும். சட்டத்துக்குத் தெரியல.

அந்தச் சட்டம் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாம மது உற்பத்தி செய்யக்கூடாது. அவ்வளவுதான். வீட்டில் குடிக்க இருபது லீற்றர் பியர் புளிக்க வைச்சவரும், விற்கிறதுக்குக் காட்டுக்குள் பெரல் பெரலா வடிக்கிறவரும் ஒரே கூடைக்குள். ‘கோடா கைப்பற்றப்பட்டது’ என்று பத்திரிகையில் வாரா வாரம் வாசிக்கிறோமே, நம்ம அண்ணாவின் வாளி இங்கே இருந்தா அதுவும் கோடாதான்.

அந்தச் சட்டம் யாருக்காக வந்தது என்பதும் ஞாபகம் இருக்கணும். மக்கள் குடிக்கிறதைக் குறைக்க வந்ததில்லை. வருமானத்தை ஒழுங்குபடுத்த வந்தது. அந்தச் சீர்திருத்தத்தோடு ஊரூராகக் கள்ளுத் தவறணைகள் திறந்ததால்தான் 1912இல் மதுவிலக்கு இயக்கம் கொதிச்செழுந்தது, டி. எஸ். சேனாநாயக்க, எஃப். ஆர். சேனாநாயக்க போன்றவங்க அதில்தான் முன்னுக்கு வந்தாங்க. 1915 கலவரத்தோடு அந்தத் தலைவர்களைக் காலனி அரசு பிடிச்சு உள்ளே போட்டது. வெள்ளைக்காரன் போயிட்டான், அவன் சட்டத்தின் தர்க்கம் போகல. அரசு அனுமதிச்ச கம்பெனி விற்கலாம், நீ வாங்கலாம், நீ செய்யக்கூடாது.

‘நீ வாங்கலாம்’ என்பதில்கூட ஒரு ‘ஆனா’ இருந்தது. 1979இல் வந்த மதுவரி அறிவித்தல், தவறணைகளில் பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்றது. 2018 ஜனவரியில் அன்றைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திரும்பவும் கொண்டுவரச் சொன்னார். அப்போ நான் பள்ளிக்கூடத்தில். குடிக்க ஆசை வந்து இல்லை, வோட்டுப் போடலாம், வெளிநாட்டுக்குப் போய் வீட்டு வேலை செய்து டொலர் அனுப்பலாம், ஆனா ஒரு போத்தல் வாங்கிற நிதானம் எங்களுக்கு இல்லை என்று ஒரு நாடே சொன்னது என்னவோ மாதிரி இருந்தது. உலக வரலாற்றில் பியர் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்த வேலை. இங்கிலாந்தில் இடைக்காலத்தில் ஏல் செய்து விற்ற பெண்களுக்கென்றே தனிப் பெயர் இருந்தது. அது தொழிற்சாலையானதும் ஆண்கள் கைக்குப் போனது. தேயிலையில் கொழுந்து பெண்ணுக்கு, கணக்குப் புத்தகம் ஆணுக்கு என்று ஆன கதைக்கு இது தூரமில்லை.

இதை எழுதப் போறேன்னு அம்மாவிடம் சொன்னப்போ அம்மா என்னைப் பார்த்த பார்வை ஒண்ணு. அம்மா வளர்ந்தது கலஹா பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். “தாத்தா குடிச்ச காசில ரெண்டு மாடு வாங்கியிருக்கலாம். நீ அதை வீட்டிலேயே செய்யச் சொல்லித்தரப் போறியா?” சம்பள நாளில் தவறணை வாசலில் நின்ன பொம்பளைகளின் கோபம் அது. அதுக்கு முன்னாடி ஹொப்ஸ் வாசம் பற்றிய என் பேச்செல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. அதனால ஒரு விசயத்தைத் தெளிவாச் சொல்றேன். வீட்டு பியர் குடியை நிறுத்தாது. சாராயம் வேணும் என்கிறவன் நாலு வாரம் வாளியைப் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டான். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் 23 லீற்றர் வாளி வைக்க இடமும் கிடையாது. இது இடமும் நேரமும் காசும் கொஞ்சம் மிச்சம் உள்ளவங்களின் பொழுதுபோக்கு. அதை மறைச்சு ‘மக்கள் விடுதலை’ மாதிரிப் பேசினா நான் பொய் சொல்றேன்.

ஆனா அம்மாவின் கோபத்துக்குக் காரணமான எதையும் இந்தத் தடை தடுக்கல என்பதையும் சொல்லணும். தவறணை இருந்தது. அனுமதிப்பத்திரத்தோடு இருந்தது. கசிப்பும் இருந்தது, இப்பவும் இருக்கு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அரசின் டாஸ்மாக் கடையில் சாராய வகைகள் தாராளம். அப்படியிருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனோல் கலந்த சாராயம் குடிச்சு 60க்கும் மேற்பட்டோர் செத்துப்போனாங்க. மரத்திலிருந்து இறக்கிறது குற்றம், கடையில் வாங்கினா வருமானம் என்று ஆக்கினதால் யாரும் தப்பல.

மெத்தனோல் என்றதும் வர்ற பயத்தையும் பேசிடலாம். ‘வீட்டில் செய்தாக் கண் போயிடும்’ என்பாங்க. தானியத்தைப் புளிக்க வைச்ச பியரில் உருவாகிற மெத்தனோல் மிகமிகச் சொற்பம், கடையில் வாங்குற பியர் அளவுதான். ஆட்களைக் கொத்துக் கொத்தாக் கொல்றது, தொழிற்சாலை மெத்தனோலை யாரோ காசுக்காகச் சாராயத்தில் கலக்கிறது. வீட்டு பியரின் உண்மையான ஆபத்துகள் வேற: கழுவாத வாளியால புளிச்சுக் கெடுறது, நொதிச்சு முடியுறதுக்கு முன்னாடி அடைச்ச போத்தல் வெடிக்கிறது. போத்தல் வெடிப்பு விளையாட்டில்லை, கண்ணாடி கிழிச்சுப்போடும். அதுக்குத்தான் ஹைட்ரோமீற்றர் என்ற மிதவை. தொடக்கத்தில் 1.045 காட்டினது 1.011இல் வந்து ரெண்டு மூணு நாள் அசையாம நின்னா நொதிச்சு முடிஞ்சது என்று அர்த்தம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினா மதுசார வீதம், இங்கே கிட்டத்தட்ட நாலரை.

மற்ற நாடுகளும் இதே பயத்தில் இருந்து வெளியே வந்தவைதான். சொல்லப்போனா எக்ஸ்ட்ராக்ட் டின்னே தடைச்சட்டத்தின் பிள்ளை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. பியர் கம்பெனிகள் பிழைக்க மோல்ட் பாகை டின்னில் அடைச்சு விற்றாங்க, பேக்கிங் வேலைக்கு என்று. அவ்வளவு பாணை அமெரிக்கா சுடல, எல்லாருக்கும் தெரியும். பிரித்தானியாவில் 1880 முதல் வீட்டில் பியர் செய்யவும் அனுமதிப்பத்திரம் வேணும்; 1963 வரவு செலவுத் திட்டத்தில் நிதி அமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் அதைத் தூக்கினார், பிறகு மருந்துக்கடை பூட்ஸிலேயே கிட் விற்கத் தொடங்கினாங்க. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்துப் போட்டார்: ஒரு வீட்டுக்கு வருசத்தில் 200 கேலனுக்கு மேலே போகக்கூடாது, விற்கக்கூடாது. வடிக்கிறது அங்கே இன்னும் குற்றம்தான். அந்தக் கோடு முக்கியம். புளிக்க விடலாம், வடிக்க முடியாது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு வீட்டுப் பானையோடு தொடங்கினவங்களில் சிலர்தான் அங்கே சின்னச் சின்ன பியர் கம்பெனிகளை உருவாக்கினாங்க.

இங்கே அப்படி ஒண்ணு கேட்டா வானம் இடிஞ்சு விழாது. முன்மாதிரி நம்ம நாட்டிலேயே இருக்கு. வடக்கில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் பல காலமாக அனுமதியோடு கள்ளு சேர்த்து விற்குது, போத்தலில் அடைக்குது. ஒரு கைத்தொழில், ஒரு வருமானம், ஒரு கணக்கு. அப்போ வீட்டுக்கென்று மாசத்துக்கு இருபது லீற்றர், 21 வயசுக்கு மேலே (2006ஆம் ஆண்டின் சட்டத்தில் விற்பனைக்கு அந்த வயசு ஏற்கெனவே இருக்கு), விற்பனை இல்லை, வடிக்கிறது இல்லை, ஆண் பெண் வித்தியாசம் இல்லை என்று ஒரு விதிவிலக்கு எழுத என்ன தடை? வரி போயிடும் என்று சொல்லுவாங்க. போற வரி கொஞ்சம். உண்மையான தடை வேற இடத்தில்: மதுவைப் பற்றி ஒண்ணு மேடையில் திட்டணும், இல்லாட்டி மறைவில் குடிக்கணும். வெளிச்சத்தில் வைச்சு, இதில் என்ன இருக்கு, எப்படி ஆகுது என்று கேட்கிற மூணாவது வழி நம்ம அரசியலில் இல்லை, நம்ம வீட்டிலும் இல்லை.

அம்மா இன்னும் ஒத்துக்கல. ஆனா கோடாவுக்கும் மோல்ட் தண்ணிக்கும் என்ன வித்தியாசம்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அப்பமாவை உதாரணம் காட்டிச் சொன்னதும், “அப்போ இது அடுப்புக்குப் பிறகு புளிக்கிறது, அது புளிச்ச பிறகு அடுப்பு” என்று நான் ஒரு பக்கம் எழுதினதை ஒரே வரியில் முடிச்சாங்க.

சட்டம் மாறினா நான் முதலில் வைக்கப்போறது ஒரு ஸ்டௌட். நுவரெலியாவில் ஒரு கூட்டாளியின் வீட்டில், ஜனவரிக் குளிரில், ஐஸ் செலவில்லாமல். ஹொப்ஸ் சேராத மோல்ட் பாகு மூணு கிலோ, வறுத்த பார்லி முந்நூறு கிராம், ஹொப்ஸ் நாப்பது கிராம், முழுக்க ஒரு மணித்தியாலக் கொதிக்கே. ஸ்டௌட்டுக்குக் கடைசி நேர வாசம் தேவையில்லை. இருபது லீற்றர் வரும். சீனி போட மாட்டேன், போத்தலில் அடைக்கும்போது நுரைக்குத் தேவையான அந்தக் கொஞ்சத்தைத் தவிர. 8.8 வராது, நாலரைதான் வரும். அதுக்கு ஆள் கிடைக்குமா என்பதை அப்போ பார்ப்போம்.